மக்னீசியத்துக்குப் பிறகு பின் சீட்டில் கேட்ட குரல்

இணையச் சபையோரே! நான் சொல்லப்போவதை உங்களில் ஒருவரும் நம்பமாட்டீர்கள், இது சத்தியம்.

இன்று ஸ்காபரோ பஸ்ஸில் என் மருமகள், அக்காவின் மகள், முறையிட்டாள்: "மாமா, நாளைக்குக் கெமிஸ்ற்றி ரெஸ்ற். எந்த உலோகம் மற்றதைவிடக் கூடத் தாக்கமுள்ளதெண்ட வரிசை எனக்கு நினைவிலை நிக்குதில்லை. இந்தமுறையும் பெயிலெண்டால் அம்மா கொல்லுவா."

"உது எனக்குத் தண்ணிபட்ட பாடு, பிள்ளை!"

பஸ் அதிர முழங்கினேன்: "பொற்றாசியம், சோடியம், கல்சியம், மக்னீசியம்..."

அடுத்தது வரவில்லை.

"அலுமினியமடா, மடையா!" என்றது பின் சீட்.

யாழ்ப்பாணத்துப் பரீட்சைகளில் எனக்குப் பின்னால் இருந்து விடை சொல்லித்தந்த ரவியின் குரல். அவன் செத்துப் பத்து வருடம். பஸ் இரண்டடி மேலே எழும்பியது. ஒன்ராறியோ ஏரி கொதித்தது. வெள்ளைக்காரச் சாரதி தேவாரம் பாடினார்.

சரி, அவ்வளவும் புளுகு. கொப்பியைப் பார்த்து அலுமினியம் என்றவள் மருமகள்தான்.

ஆனால் சொல் தடக்கியதும் நான் பின்னால் திரும்பிப் பார்த்தேனே, அது மட்டும் உண்மை.