சித்திரையில் தண்ணீர் வருமா?

கல்லூரி நூலகத்தில் வாரம் ஒரு மணி நேரம் எனக்கு வகுப்பு உண்டு. தகவலை எங்கே தேடுவது, கிடைத்ததை எப்படிச் சரிபார்ப்பது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கோ அது ஃபேன் காற்றில் உட்கார்ந்து போனுக்கு சார்ஜ் போடும் நேரம். கள்ளக்குறிச்சி வெயிலில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஒரு மாசி மாதத்தில் முதலாமாண்டுப் பெண் ஒருத்தி, நம் மாவட்டச் சுற்றுலா இடங்களைப் பற்றிய கட்டுரையைக் காட்ட வந்தாள். மலைமேல் இருக்கும் கரியாலூர்ப் பக்கத்துப் பெண், விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் அம்மா அங்குள்ள அருவிக்குப் போகும் வழியில், வீட்டை ஒட்டியே டீக்கடை வைத்திருக்கிறார். கட்டுரையில், அந்த அருவி ஆண்டு முழுவதும் வற்றாமல் கொட்டுகிறது என்று எழுதியிருந்தாள். ஆதாரமாக ஐந்து இணையதளங்கள்.

போன கோடையில் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மலையேறி, வெறும் பாறையைப் பார்த்துவிட்டு இறங்கியவள் நான். விடுவேனா?

"சித்திரையில அங்க தண்ணி வருமா?"

"வராதுங்க மேடம்."

"அப்புறம் ஏன் இப்படி எழுதின?"

"நெட்ல அஞ்சு எடத்துல அப்படித்தான் போட்டுக்கிறாங்க மேடம்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது, கூடவே சிரிப்பும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாளே! ஆனால் இதை முதன்முதலில் சொன்ன புண்ணியவான் யார் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்றைய வகுப்பே அதுவாகிப் போனது. ஐந்து பக்கங்களையும் திறந்து தேதி பார்க்கச் சொன்னேன். சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஐந்திலும் அதே வாக்கியம், அதே படம். ஒரு வீட்டு மாவை ஐந்து வீட்டில் தோசை வார்த்திருந்தார்கள். அவற்றில் பழையது, சுற்றுலா வருபவர்களுக்கு அறை வாடகைக்கு விடும் யாரோ ஒருவர் அடைமழைக் காலத்துப் படத்தோடு போட்ட விளம்பரம்.

அவள் கட்டுரையைத் திருத்திவிட்டாள். அதோடு விட்டிருக்கலாம், எனக்குத்தான் அடங்கவில்லை. மலைக்குப் போகிறவர்கள் விவரம் கேட்கும் முகநூல் குழு ஒன்று உண்டு. உண்மையை நீயே அதில் போடேன் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. கோடையில் வண்டிகள் வருவதே அந்தப் பொய்யை நம்பித்தான்.

"நானே தண்ணி இல்லன்னு போட்டா எங்க அம்மா கடைக்கு யாரு மேடம் வருவாங்க? சொந்தக் காசுல சூனியம் வெச்சிக்கிற மாதிரி ஆயிடும்."

சரிபார்க்கச் சொல்லிக்கொடுத்தேனே தவிர, சரிபார்த்த பிறகு வரும் நஷ்டத்துக்கு என்னிடம் பாடம் இல்லை. அம்மாவைக் கேட்டுக்கொண்டு வரச் சொன்னேன்.

சனி, ஞாயிறு ஊருக்குப் போய் வந்தாள். அம்மா யோசிக்கவே இல்லையாம். பாறையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் டீ குடிக்கிறார்களோ இல்லையோ, கடைக்காரியைத் திட்டாமல் போவதில்லையாம். மேலே போகும்போதே சொன்னால், போனை நீட்டிக்கொண்டு சண்டைக்கு வருவார்களாம். போட்டுத் தொலை, நானாவது நிம்மதியாக இருப்பேன் என்று சொல்லிவிட்டாராம்.

பங்குனி, சித்திரையில் தண்ணீர் இருக்காது, மழைக்குப் பிறகு வாருங்கள் என்று அன்றே குழுவில் போட்டாள்.

சித்திரை பிறந்ததும் நானே அவளைத் தேடிப் போய் விசாரித்தேன். அந்தக் கடையை நினைத்து எனக்கு உள்ளுக்குள் பயம்.

"வண்டி கம்மிதான் மேடம். ஆனா அம்மாவ யாரும் திட்டல."

சொல்லிவிட்டுப் போனை நீட்டினாள். அவள் போட்டதற்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: 'இதை எந்த வெப்சைட்ல பார்த்தீங்க?'

அதற்கு அவள் எழுதியிருந்தாள்: 'வெப்சைட்ல பாக்கலீங்க. எங்க வூட்டு வாசல்ல நின்னு பாத்தேன்.'