மாமனாருக்கு மாட்டிய பெல்ட்

என் மாமனார் இருந்த முதியோர் இல்லம் குற்றாலத்தில் ஒரு பழைய லாட்ஜ். முதலாளி வெளியே போர்டை மட்டும் மாற்றியிருந்தார். உள்ளே, அறைக்கதவின் பின்பக்கம் ‘மது அருந்தக் கூடாது, எண்ணெய் தேய்த்த உடம்போடு கட்டிலில் உட்காரக் கூடாது’ என்ற எச்சரிக்கை அப்படியே ஒட்டியிருந்தது. லாட்ஜாக இருந்த காலத்தில் சீசன் வந்தால் வாசலிலிருந்து அறைவரை சாக்கு விரித்துவைப்பார்கள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிறவர்கள் வழுக்கி விழக்கூடாதே. முதியோர் இல்லம் ஆனதும் சாக்கு அசிங்கமாகிவிட்டது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, முகம் பார்த்துத் தலை சீவுகிற அளவுக்குப் பளபளவென்று டைல்ஸ் போட்டார்கள். குடிகாரனுக்கு இருந்த பாதுகாப்பு கிழவனுக்கு இல்லை.

மாமா வடகரைப் பக்கம் லைன்மேனாக வேலை பார்த்தவர். அத்தை போன பிறகு அவர் தனியாக இருக்கவேண்டாம் என்று மூன்று பிள்ளைகளும் வாட்ஸப் குரூப்பில் கூடித் தீர்மானித்தார்கள். மூத்தவர் என் வீட்டுக்காரர். கொழுந்தன் சென்னை, நாத்தனார் பெங்களூர். எங்கள் தென்காசி வீடு மாடியில், மாமாவால் ஏற முடியாது. அதனால் இல்லம். அந்த முடிவில் மருமகளுக்கு ஓட்டு இல்லை. வாராவாரம் போய்ப் பார்க்கிற உரிமையை மட்டும் தாராளமாகக் கொடுத்தார்கள்.

மாமா வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானே நடப்பார். கட்டிலிலிருந்து பாத்ரூம், அங்கிருந்து வராந்தா. நர்ஸ் பெண் கைகொடுக்க வந்தால் முறைப்பார். தன் சோலியைத் தானே பார்த்துக்கொள்வதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம். எனக்கு அது பிடிக்கும்.

சாரல் விழுந்து சீசன் தொடங்கியது. பிள்ளைகளுக்கு அப்பா மேல் பாசம் பொங்கிவிட்டது. கொழுந்தனும் நாத்தனாரும் குடும்பத்தோடு காரில் வந்து இறங்கினார்கள். முதலில் அருவி, அப்புறம் அப்பா. உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை எண்ணெய் தேய்த்து, முதுகைத் தட்டவைத்து, கூட்டத்தில் அரைகுறையாக நனைந்துவிட்டு, மங்குஸ்தான் பையோடு நேராக அறைக்கு வந்தார்கள். வயதானவர்கள் இருக்கிற இடமாயிற்றே, மரியாதையாகச் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டார்கள். அப்பாவோடு போட்டோ எடுத்துக்கொண்டு பரோட்டா சாப்பிடக் கிளம்பிப் போனார்கள். அவர்கள் போனதும் மாமா பாத்ரூமுக்கு எழுந்தார். வாக்கர் முன்னால் ஓடிவிட்டது, மாமா மல்லாந்துவிட்டார்.

போன் வந்து நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் பார்த்து முடித்திருந்தார். எலும்பு தப்பித்தது, இடுப்பு மட்டும் கன்றிப் போயிருந்தது. நான் குனிந்து தரையைத் தொட்டேன். விரல் பிசுபிசுத்தது. வாசலிலிருந்து கட்டில்வரை எண்ணெய்க் கால்தடம், ஐந்து விரலும் தெளிவாக.

அதற்குள் பிள்ளைகள் பாதிப் பரோட்டாவில் எழுந்து வந்து, எண்ணெய் வழிகிற தலையோடு மேனேஜரைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தார்கள். இங்கே பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறதா, இதுதான் கவனிப்பா, கூகுளில் ஒற்றை ஸ்டார் போட்டு நாறடித்துவிடுவோம் என்றார்கள். நான் கால்தடத்தைக் காட்டினேன். கொழுந்தன் தன் காலைப் பார்த்தார், பிறகு ஃபேனைப் பார்த்தார்.

“இப்பம் அதுவா முக்கியம் மதினி? நாளைக்கு இன்னொரு மட்டம் விழுந்தா யாரு பொறுப்பு?”

மறுபடி சாக்கு விரிக்கலாமே என்று நான் மேனேஜரிடம் சொன்னேன். பார்க்க வருகிறவர்களுக்கு அது நன்றாக இருக்காதாம். அவருக்கு வேறு வழி தெரிந்திருந்தது. மறுநாளே மாமாவைக் கட்டிலோடு சேர்த்துக் கட்ட ஓர் இடுப்பு பெல்ட் வந்தது. கூடவே டயப்பர். நடக்காதவர் விழமாட்டார் இல்லையா, என்ன மூளை. பெல்ட்டோடு மாமாவைப் படமெடுத்து குரூப்பில் போட்டார்கள். இதயமும் கும்பிடும் வரிசையாக விழுந்தன. இப்போதுதான் நிம்மதி என்று நாத்தனார் எழுதினார். மேனேஜருக்கு ஐந்து ஸ்டாரும் கிடைத்தது.

நான் விடவில்லை. போகும்போதெல்லாம் சண்டை. கட்டிப்போடுவதற்குப் பேர் கவனிப்பா, மாட்டைக்கூட அவிழ்த்து மேய விடுகிறோமே என்று வராந்தா அதிரக் கத்தினேன். மேனேஜர் பிள்ளைகளைக் கைகாட்டினார். என் வீட்டுக்காரர், தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று நாளைக் கடத்தினார். அருவி வற்றி, குரூப்பில் அப்பா பேச்சும் வற்றிய பிறகுதான் அனுமதி வந்தது. அவிழ்க்கலாம், ஆனால் முழுப்பொறுப்பும் நீதான் என்றார்கள். சரி என்றேன்.

நானே போய் பெல்ட்டை அவிழ்த்தேன். மாமாவைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, வாக்கரை முன்னால் நிறுத்தினேன். கால் இரண்டும் குச்சியாகியிருந்தது. அவர் வாக்கரைத் தொடவில்லை. வாசலையே பார்த்தார்.

“யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ மாமா. எந்திரிங்க” என்றேன்.

“பிள்ளேளுட்ட கேட்டியாம்மா?”

கேட்டாயிற்று என்றேன்.

“வேண்டாம்மா. விழுந்தா அவியளுக்குல்லா சங்கடம்” என்று சொல்லிக்கொண்டே, மெத்தையில் கிடந்த பெல்ட்டை எடுத்துத் தன் இடுப்பில் சுற்றி, கொக்கியைத் தேடத் தொடங்கினார்.