சாம்பல் வெளியில் ஆறாவது ப்ளஸ்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று நம்புகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். இது பட்டப்பகலில் நடந்தது. போன மே மாதம், ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டுக்கும் பன்னிரண்டே முக்காலுக்கும் நடுவில். நடந்தது கல்பனாவுக்கு. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. குழம்பு எப்படி என்று அக்கா கேட்டால்கூட உண்மையைச் சொல்லி வாங்கிக்கட்டிக்கொள்கிறவள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூட இங்கே கூடவில்லை. குறையவும் இல்லை.

கல்பனா ஆரம்பாக்கத்துப் பெண். ட்ரோன் ஓட்ட லைசென்ஸ் வைத்திருக்கிறாள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் குடோன் கூரை, காலி மனை, தொட்டி என்று மேலே இருந்து படம் எடுத்துக் கொடுப்பது தொழில். கூட வருகிறவர் அக்கா புருஷன் விமல். விசிட்டிங் கார்டில் பார்ட்னர் என்று போட்டிருக்கும். பையைத் தூக்குவதும் வாய் ஓயாமல் பேசுவதும் அவர் பங்கு.

அன்றைக்கு வேலை ஒரு சாம்பல் வெளி. அத்திப்பட்டுக்கு வடக்கே, பழைய உப்பளத்தில், ஒரு செங்கல் கம்பெனி அனல்மின் நிலையத்துச் சாம்பலை வருஷக்கணக்காகத் தண்ணீரில் கரைத்துத் தேக்கி வைத்திருந்தது. நாற்பது ஏக்கர். காய்ந்தபின் அது பாலைவனமாகவே ஆகிவிட்டது. வெளுத்த மேடுகள். காற்று வரி வரியாகக் கோடு போட்ட தரை. ஒரு புல் இல்லை. ஒரு காக்கை இல்லை.

"விசா இல்லாமயே துபாய்க்கு வந்துட்டோம் பாரு," என்றார் விமல். "ஒரு ஒட்டகம்தான் பாக்கி."

"அதான் நீங்க வந்துக்கிறீங்களே மாமா."

வாட்ச்மேன் முனுசாமி சிரிக்கவில்லை. "கரை மேலயே இருங்க. உள்ள போவாதீங்க. மேலதான் காஞ்சிகீது, அடியில கூழு. ஒரு எருமை எறங்கிச்சு... கொம்புகூட கெடைக்கல." சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

எவ்வளவு சாம்பல் இருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டும். அதற்கு ட்ரோன் வெளி முழுக்கக் கோடு கோடாகப் பறந்து நூற்றுக்கணக்கில் படம் எடுக்கும். கம்ப்யூட்டர் அவற்றை ஒட்டி ஒரே படமாக்கும். இடம் பிசகாமல் ஒட்ட, தரையில் பெரிய வெள்ளை ப்ளஸ் போட வேண்டும். விமல் பழைய ஃப்ளெக்ஸ் பேனர்களை வெட்டி, வெள்ளைப் பின்பக்கம் மேலே தெரிய, ஆள் நீளத்துக்கு ப்ளஸ் செய்து, செங்கல் வைத்துவிடுவார். நாலு மூலைக்கு நாலு. வண்டிப்பாதையில் ஒன்று. மொத்தம் ஐந்து. எல்லாம் கெட்டியான கரை மேல்.

11.42க்கு ட்ரோன் ஏறியது. 12.03க்கு இறங்கியது. காரின் பின்கதவைத் தூக்கி, அந்த நிழலில் லேப்டாப்பை வைத்துக் கல்பனா படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ப்ளஸ்களை எண்ணினாள்.

ஆறு.

திரும்ப எண்ணினாள். ஆறுதான். ஆறாவது, வெளிக்கு நட்டநடுவில்.

"மாமா, எத்தினி போட்டீங்க?"

"அஞ்சு."

"ஆறு கீதே."

"எனக்குக் கணக்கு வராதுன்னு உங்கக்காவ கட்டிக்கினப்பவே ஊருக்கே தெரிஞ்சிபோச்சி. ஆனா இது அஞ்சுதான்."

காற்றில் எந்தக் கட்சி பேனரோ பறந்து வந்து விழுந்திருக்கும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். ஆனால் கணக்கில் இல்லாத ப்ளஸ் ஒன்று கிடந்தால் கம்ப்யூட்டர் குழம்பும். எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டும். சாயங்காலம் படம் கொடுத்தாக வேண்டும். கல்பனா மணியைப் பார்த்தாள். அப்போது அவள் ஒன்று சொன்னாள்.

"போய் எடுத்துட்டு வந்துடுங்க மாமா. காஞ்சிதான கீது."

இன்றைக்கும் அவளைத் தூங்கவிடாதது பேய் இல்லை. இந்த வாக்கியம்தான்.

12.19. விமல் கரையை விட்டு இறங்கினார். ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தார். தாங்கியது. கையை ஆட்டிவிட்டு நடந்தார்.

கல்பனா பேட்டரியை மாற்றி ட்ரோனை அவருக்கு மேலே அனுப்பினாள். முப்பது மீட்டர் உயரம். கேமரா நேர் கீழே. இரண்டு விநாடிக்கு ஒரு படம். க்ளிக்... க்ளிக்...

12.23. ஸ்க்ரீனில் விமலின் தொப்பி ஒரு பொட்டு மாதிரி நகர்ந்தது. பின்னால் கால் தடம், ஒற்றை வரிசையாக. முன்னால் வெள்ளை ப்ளஸ்.

ஏதோ சரியில்லை.

விமலின் சட்டை காற்றில் படபடவென்று அடிக்கிறது. ப்ளஸ் அசையவில்லை. மேலே ஒரு செங்கல்கூட இல்லை... ஆனாலும் அசையவில்லை.

நாலு பக்கமும் ஒரே அளவாகவும் இல்லை. மேல் பக்கம் குட்டை. கீழ்ப் பக்கம் நீளம்.

அவள் ஜூம் செய்தாள்.

அது பேனர் இல்லை.

மல்லாந்து கிடக்கும் ஓர் ஆள். இரண்டு கையும் விரிந்து... கால்கள் சேர்ந்து... உடம்பெல்லாம் சாம்பல். முகம் நேராகக் கேமராவைப் பார்த்தது.

கல்பனா போன் போட்டாள். "நீங்கள் தொடர்புகொண்ட நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார்..."

ஸ்க்ரீனில் விமலின் கை காதில் இருந்தது. அக்கா. பன்னிரண்டரை ஆனால் சாப்பிட்டீங்களா என்று கேட்கப் போன் செய்கிற அக்கா, அன்றைக்கு ஐந்து நிமிஷம் முன்னாடியே செய்துவிட்டாள்.

"மாமா!" என்று கத்தினாள். கடல் காற்று அதை வாயிலேயே திருப்பித் தள்ளியது.

12.26. விமல் நின்றார்.

வெள்ளை உருவம் அவருடைய காலுக்கு நேர் கீழே. நெஞ்சின் மேல் நிற்கிறார். அவரோ சுற்றிலும் தேடுகிறார். மேலே பார்த்து, எங்கே என்று கையை விரிக்கிறார்.

க்ளிக்.

அடுத்த படத்தில் அதன் வலது கை விரிந்திருக்கவில்லை.

மடங்கி இருந்தது. அவர் கணுக்கால் பக்கம்.

மறுபடி போட்டாள். இந்தத் தடவை எடுத்தார்.

"இன்னா கல்பனா, இங்க ஒண்ணுமே இல்ல. மொட்டையா கீது."

"மாமா, வந்த தடத்து மேலயே கால வெச்சி திரும்பி வாங்க."

"ஏன், இன்னா..."

"அக்கா மேல சத்தியம். வாங்க."

ஸ்க்ரீனில் அவர் குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு...

"கல்பனா."

"சொல்லுங்க மாமா."

"காலுக்கு அடியில சில்லுனு கீது."

"ஓடாதீங்க. நடங்க."

நடந்தார்.

ஒரு தடம்... அடுத்த தடம்... அவள் அவரை மட்டுமே பார்த்தாள். அந்த இடத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. ட்ரோனை அதற்கு மேலேயே, படம் எடுத்தபடி, வட்டமடிக்க விட்டிருந்ததுகூட அவளுக்கு நினைவில்லை.

12.41. விமல் கரையேறினார். மே மாத வெயிலில், நாற்பது டிகிரியில், பல் அடித்துக்கொண்டது. மீஞ்சூர் ரயில்வே கேட்டில் கார் நின்றபோது ஒன்றே ஒன்று சொன்னார்.

"உங்கக்காவுக்குச் சொல்லாத."

அவர் பார்த்தது என்ன என்று கல்பனா கேட்கவில்லை. அவள் பார்த்ததை அவரிடம் சொல்லவும் இல்லை.

அன்று சாயங்காலம் கொடுக்க வேண்டிய படங்களை மறுநாள் காலைதான் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். இந்த வகைக் கணக்கில், ஒரே இடத்தைப் பல கோணத்தில் எடுத்த படங்களை வைத்து, அந்த இடம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் கம்ப்யூட்டர் சொல்லிவிடும். ஐந்து ப்ளஸ்ஸும் தரையோடு தரையாக இருந்தன. இரண்டு சென்டிமீட்டர்கூடப் பிசகவில்லை.

ஆறாவது, தரைக்குக் கீழே 3.20 மீட்டர்.

கேமராவுக்கு மண்ணுக்கு அடியில் கண் தெரியாது. அதனால் தப்பு என்று நினைத்தாள். சர்வே சொல்லிக்கொடுக்கும் மதிவாணனிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் இரண்டு நாள் வைத்திருந்தார். கணக்குப் போட்ட ஒரு தாளோடு திருப்பிக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. "கணக்குல தப்பு இல்லம்மா," என்றார். "ரெண்டாவது தபா பறக்கவிட்டியே, அதையும் போட்டுப் பாத்தேன். அந்தத் தாள் பின்னாடி கீது. ஊட்ல போய்ப் பாரு."

அவள் அங்கேயே, அவர் வாசலிலேயே, தாளைத் திருப்பினாள். மூன்று வரி, அது எந்த நேரத்தில் எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று.

11.51. விமல் கரையில் இருந்தபோது: கீழே 3.20 மீட்டர்.

12.26. விமல் அதன் மேல் நின்றபோது: கீழே 0.40.

12.27. விமல் எட்டடி தள்ளிப்போனபோது: 0.00.