தியரி கற்ற கண்ணாடிக்காரர்

நாற்பத்து மூன்று வயதில் சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்கு முழங்கால் வலி வரும். கண்ணாடிக்காரருக்கு இசை வந்தது. இசை வந்தது என்று சொல்வது கொஞ்சம் தாராளம்தான். வந்தது இசையைப் பற்றிய படிப்பு. இரண்டும் வேறு வேறு என்று யாராவது அப்போதே அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் கேட்டுக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

மூன்று மாடிக் கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் லென்ஸ் வெட்டுவது அவர் வேலை. முன்னால் கண்ணைச் சோதித்து எழுதி அனுப்புகிற சீட்டைப் பார்த்து, லென்ஸின் மையத்தை மைப்புள்ளியால் குறித்து, தண்ணீர் சொட்டுகிற சக்கரத்தில் ஓரம் தேய்த்து, ஃபிரேமுக்குள் உட்காரவைக்க வேண்டும். புள்ளி இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் போட்டுக்கொள்கிறவருக்கு மண்டை இடிக்கும். பத்தொன்பது வருடத்தில் அவர் வெட்டியதில் திரும்பி வந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவசரப்படுத்தினால் மட்டும் அவருக்கு ஆகாது. கவுன்ட்டரில் ஆள் காத்திருக்கிறது என்று யாராவது கதவைத் தட்டினால், காத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டு இன்னும் நிதானமாகத் தேய்ப்பார்.

படிப்பு மதிய இடைவேளையில் தொடங்கியது. ரொட்டியைக் கடித்துக்கொண்டே போனைத் தடவியவர் கண்ணில் ஒரு வழுக்கைத்தலை வாத்தியார் பட்டார். இணையத்தில் இலவசமாக இசைத் தியரி நடத்துகிற மனிதர். ஸ்வரங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து அமுக்கினால் எந்த கார்ட் வரும், அந்த கார்டுக்குப் பின்னால் எது வந்தால் காதுக்குச் சுகம் என்று எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கினார். பாட்டு என்பது பிறவியிலேயே வாய்த்தவர்களின் சொத்து என்று அதுவரை நினைத்திருந்த கண்ணாடிக்காரருக்கு, அது அளந்து வெட்டுகிற சமாச்சாரம்தான் என்று தெரிந்ததும் தலைகால் புரியவில்லை. ஒரு வாக்கியம் கேட்பார், வாத்தியாரை நிறுத்துவார், நோட்டில் எழுதுவார், பத்து விநாடி பின்னால் போய் மறுபடி கேட்பார். வாத்தியார் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. மூன்றே வருடத்தில் ஒன்பது நோட்டு நிறைந்தது.

பழைய கீபோர்டு ஒன்றும் வீட்டுக்கு வந்தது. காதுப் பயிற்சிக்கென்று ஒரு இணையதளம் இருந்தது. அது இரண்டு ஒலிகளை எழுப்பும், நடுவில் உள்ள இடைவெளி என்ன என்று கேட்கும். சரியாகச் சொன்னால் பச்சை விளக்கு. எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பக் கேட்டுக்கொள்ளலாம். கண்ணாடிக்காரர் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கினார். கடைசியில் வந்த சான்றிதழை அச்செடுத்து லேமினேட் செய்து, மகளுடைய பள்ளிப் படத்தைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் மாட்டினார்.

காது பழகியதோ இல்லையோ, வீட்டுக்காரர்கள் பாடு திண்டாட்டம் ஆகிவிட்டது. அழைப்புமணி எந்த இடைவெளியில் அடிக்கிறது என்று கதவைத் திறக்கும் முன் சொல்லுவார், வந்தவர் வெளியே நிற்பார். துணி மடிக்கும்போது மனைவி ஏதாவது முணுமுணுத்தால், தப்புத் தப்பாக முணுமுணுப்பதற்குச் சும்மா இருக்கலாமே என்பார். மகள் குளிக்கும்போது பாடுகிறவள். ஒருநாள் குளியலறைக் கதவைத் தட்டி, இரண்டாவது அடியில் அரை ஸ்வரம் இறங்குகிறது, சரிசெய்துகொள் என்றார். அன்றிலிருந்து அந்தக் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான். குழந்தை திருத்திக்கொண்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். இப்படி ஒரு மனிதனை என்ன செய்வது?

அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார். பிறந்தநாள், கம்பெனி ஆண்டுவிழா, பணிஓய்வு விருந்து என்று சனிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு ஹாலில் வாசிப்பார்கள். குழுவில் ஒருவருக்கும் ஒரு கார்டின் பெயர்கூடத் தெரியாது. எல்லாம் கேள்வி ஞானம். கீபோர்டு வாசித்தவர் ஊர் மாறிப் போனதும் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் உட்கார வேண்டும், நாலு பேர் தன் வாசிப்பைக் கேட்க வேண்டும். கண்ணாடிக்காரருக்கு வாழ்க்கையில் அதற்குமேல் ஒரு ஆசை கிடையாது. மச்சான் பிடிகொடுக்காமல் எட்டு மாதம் ஓட்டினார். பிறகு, "வாங்க மாப்பிள்ளை, பாத்துக்கலாம்" என்றார்.

இரண்டு வருடம் வாசித்தார். குழுவில் அவருக்குத் தியரி என்று பெயர் வைத்தார்கள். அதை அவர் பட்டம் என்று எடுத்துக்கொண்டார். காலடியில் ஒரு சின்ன ஸ்பீக்கர், அதில் அவர் வாசிப்பது அவருக்கு மட்டும் கணீரென்று கேட்கும். இடைவேளையில் கிட்டார்காரரைக் கூப்பிட்டு வைத்து, அந்த இடத்தில் நீ அமுக்கியதற்கு இதுதான் பெயர் என்று பாடம் நடத்துவார். கிட்டார்காரர் டீயைக் குடித்துக்கொண்டு தலையாட்டுவார். அவர் ரொம்பப் பொறுமைசாலி.

ஒரு ஹால்காரர் தன் இடத்தின் விளம்பரத்துக்காக, குழுவின் நிகழ்ச்சி முழுவதையும் படம்பிடித்து இணையத்தில் ஏற்றினார். கண்ணாடிக்காரர் அதை வேலைக்கு நடுவே, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, கையில் பத்தாவது நோட்டோடு கேட்கத் தொடங்கினார். ஒவ்வொரு வாத்தியமும் எங்கே என்ன செய்கிறது என்று பிரித்து எழுதுவது நோக்கம். அதில் அவர் உண்மையிலேயே கெட்டிக்காரர், குறைசொல்ல முடியாது. பேஸ் கிட்டாரை எழுதினார். டிரம்ஸை எழுதினார். கீபோர்டுக்கு விட்டிருந்த கட்டத்தில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு மெல்லிய பாட்டின் நடுவே பாடகியும் அவரும் மட்டும் வருகிற ஓர் இடம் உண்டு. அதற்கென்றே ஒரு மாதம் உட்கார்ந்து நான்கு கார்டுகள் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். அங்கே பாடகி தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள், பின்னால் கிட்டார்காரர் ஒரு கம்பியை மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

பத்து விநாடி பின்னால் போனார். மறுபடி கேட்டார். படம்பிடித்தவரின் மைக் சரியில்லை என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனால் அதே மைக்கில் யாரோ கரண்டியைக் கீழே போட்ட சத்தம் விழுந்திருந்தது. ஒரு குழந்தையின் தும்மல் விழுந்திருந்தது. பதினெட்டுப் பாட்டு கேட்டார். பதினெட்டிலும் அவர் இல்லை. அன்று மதியம் வெட்டிய லென்ஸில் இரண்டு வீணாயின.

அன்று இரவு அவர் வீட்டுக்கு வந்தபோது மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உன் அண்ணன் என் கீபோர்டு சத்தத்தை வெளியே விடாமல் அடைத்து வைத்திருக்கிறாரா என்று கண்ணாடிக்காரர் அவளிடம் கேட்டார்.

"ரெண்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் தெரியுதா?" என்றாள் அவள், இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே.

பிறகு அவளே சொன்னாள். "முதல் மாசமே உங்கள நிறுத்தப் போறேன்னு அண்ணன் சொன்னாரு. ஆடுறவங்க கால் தடுக்குதாம். நான்தான் போய்க் கெஞ்சினேன். சும்மா உக்கார வெச்சுக்கோண்ணா, வெளிய கேக்காமப் பாத்துக்கோன்னு. வாரத்துல ஒரு நாளாவது இந்த வீடு நிம்மதியா இருக்கட்டுமேன்னுதான்."

"அவ்வளவு மோசமாவா வாசிக்கிறேன்?"

"எனக்கென்னங்க தெரியும்? நான்தான் தப்புத் தப்பா முணுமுணுக்கிறவளாச்சே."

அவள் அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள். அது சனிக்கிழமைக்கு அவர் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டை.

அந்தச் சனிக்கிழமை ஒரு கணக்கதிகாரியின் பணிஓய்வு விருந்து. கண்ணாடிக்காரர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. காலை பதினொரு மணிக்கே ஹாலுக்குப் போய்விட்டார். குழுவின் சவுண்டுக்காரர் டீ குடிக்க வெளியே போன நேரத்தில், ஹாலின் கடைக்கோடியில் இருந்த மிக்ஸர் பலகைக்கு முன்னால் போய் நின்றார். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மேலும் கீழும் நகர்கிற ஒரு குமிழ், அதன் அடியில் பெயர் எழுதிய காகிதத் துண்டு. டிரம்ஸ், பேஸ், கிட்டார், பாட்டு, எல்லாக் குமிழும் பாதிக்குமேல் ஏறியிருந்தன. 'தியரி' என்று எழுதியிருந்த குமிழ் அடியோடு இறக்கப்பட்டு, தவறிப்போய்க்கூட யார் கையும் பட்டு ஏறிவிடாதபடி மேலே ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. பிளாஸ்டரின் ஓரங்கள் அழுக்கேறிக் கறுத்திருந்தன. அவர் அதை நகத்தால் பொறுமையாக உரித்தார். குமிழை மற்றவற்றின் உயரத்துக்கு ஏற்றினார். மறுபடி கீழே இறங்கிவிடாதபடி பழைய பிளாஸ்டரை அதன் அடியில் ஒட்டிவைத்தார்.

முதல் பாட்டுக்கே கணக்கதிகாரியும் அவர் மனைவியும் கைகோத்து ஆட வந்துவிட்டார்கள். கண்ணாடிக்காரர் கார்டை அமுக்கினார். முதல்முறையாக அது ஹால் முழுக்கக் கேட்டது. அவர் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பு நாலு கார்ட் வரைக்கும்தான் நீடித்தது. ஐந்தாவதில் அவர் காது வேலை செய்யத் தொடங்கிவிட்டது. கார்ட் எல்லாம் சரி. ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் ஒவ்வொன்றும் தாளம் போனபிறகு வந்தது, பஸ் கிளம்பியபிறகு ஓடிவருகிறவரைப்போல. அடுத்தது என்ன கார்ட் என்று மனசுக்குள் பெயர் சொல்லிவிட்டுத்தான் அவர் கை இறங்கியது. அந்த நேரத்துக்குள் பாட்டு போய்விட்டிருந்தது. பிடித்துவிடலாம் என்று அவசரப்பட்டார், அவசரத்தில் இன்னும் பின்தங்கினார். டிரம்ஸ்காரர் யாரைப் பின்பற்றுவது என்று தெரியாமல் தடுமாறினார். கணக்கதிகாரியின் மனைவி கணவருடைய காலை மிதித்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். பாடகி பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

மச்சான் கையைத் தூக்கினார். அந்தக் குழு மேடையில் ஒரு பாட்டைப் பாதியில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. மைக்கில், ஒரு சின்ன டெக்னிக்கல் பிரச்சினை, ஒரே நிமிஷம் என்று சிரித்துக்கொண்டே அறிவித்தார். கூட்டமும் பெருந்தன்மையாகக் கைதட்டியது. ஹாலின் கோடியில் சவுண்டுக்காரர் பலகைமேல் குனிவதும், பல்லால் கடித்து ஒரு பிளாஸ்டர் துண்டைக் கிழிப்பதும் மேடையிலிருந்து நன்றாகத் தெரிந்தது.

மச்சான் மைக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் வந்தார். கோபமே இல்லை அந்த முகத்தில்.

"சரி பண்ணியாச்சு. இப்ப வாசிங்க மாப்பிள்ளை."

கண்ணாடிக்காரர் வாசித்தார். மிச்சம் இருந்த பாட்டுகள் அத்தனையும் வாசித்தார். அடுத்த சனிக்கிழமையும் மனைவி தேய்த்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார்.