அக்கரையில் சுமதி, நடுவில் யானைகள்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கும் என் மனைவிக்கும் நடுவே ஒரு யானைக் கூட்டம் நின்றது.

குடும்பச் சண்டையைத்தான் இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நிஜ யானைகள். நிஜ ஆறு. இந்தக் கரையில் நான், அந்தக் கரையில் சுமதி.

எப்படிப் போய் மாட்டினோம்?

எல்லாம் என் மச்சான் பழனிச்சாமியால் வந்தது. சுமதியின் அண்ணன். எங்கள் ஊர்க் கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பம்ப் செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்த மனிதருக்குத் திடீரென்று கியர் சைக்கிள் பைத்தியம் பிடித்துவிட்டது. இப்போது நம் ஊர்க் கடைகளில் தொங்குகிறதே — தடித்த டயர், நேரான ஹேண்டில்பார் — அதேதான். தனக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று, போனால் போகிறது என்று எனக்கு ஒன்று வாங்கினார். பட்டறையில் பிரித்துப் போட்டு, பிரேக்கைத் தன் இஷ்டப்படி மாற்றி மாட்டினார்.

"மாப்ள, இது ரோட்டுல ஓட்டற வண்டி இல்லீங்க. பஸ் மேல ஏத்தி கோத்தகிரிக்குக் கொண்டுபோயிப் போடுவோம். அங்கிருந்து காட்டு வழியா எறங்குனம்னா... அது தனி ஒலகமுங்க!"

மச்சான் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. தூக்கத்திலும் பேசுவார் என்று அவர் வீட்டில் சொல்கிறார்கள். வனத்துறை அனுமதியைக்கூடப் பேசிப் பேசியே வாங்கியிருப்பார் என்பது என் சந்தேகம்.

சுமதி வேறு மாதிரி. சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். நாள் முழுக்க வெயிலில் விசில் ஊதுகிறவர், வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். 'போலாமுங்க' என்றார். முடிந்தது.

மேட்டுப்பாளையத்தில் மூன்று சைக்கிளையும் பஸ் கூரையில் ஏற்றினோம். கண்டக்டர் கயிற்றை இறுக்கிக்கொண்டே என்னைக் கேட்டார்.

"ஏனுங்க, இதுல காட்டுக்குள்ள போறீங்களா? ஊட்ல சொல்லிப்போட்டு வந்தீங்களா?"

"ஊட்டையே கூட்டிக்கிட்டுத்தானுங்க வந்திருக்கறேன்" என்று சுமதியைக் காட்டினேன். அவர் சுமதியைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். கயிற்றுக்கு இன்னொரு முடிச்சுப் போட்டார்.

கோத்தகிரியைத் தாண்டி, தேயிலைத் தோட்டம் முடிகிற இடத்தில் வண்டித்தடம் காட்டுக்குள் நுழைந்தது. நாங்களும் நுழைந்தோம்.

அதை எப்படி எழுதுவது? பத்தி எழுதிப் பிழைக்கிறவன் இப்படிக் கேட்கக் கூடாதுதான். ஆனாலும்...

முதலில் குளிர். பட்டப்பகலில் யாரோ விளக்கைக் குறைத்தது போல ஓர் இருட்டு. மரங்களின் மேலெல்லாம் பாசி. பாசியின் மேல் ஈரம். ஈரத்தின் மேல் எங்கிருந்தோ ஒரு துண்டு வெயில். சருகுக்கு மேல் டயர் போகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. ஒரு வளைவு திரும்பியதும் மரங்கள் விலகின. மொத்தப் பள்ளத்தாக்கும் காலடியில் கிடந்தது. மடிப்பு மடிப்பாக மலை. அடியில், மூங்கில் காட்டுக்குள், வெள்ளி ஜரிகை மாதிரி ஓர் ஆறு. பவானியில் போய்ச் சேர்கிற காட்டாறு அது. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிறே நீங்கள் கிளம்பிவிடுவீர்கள்.

அதன் பிறகு இறக்கம். வேர், கல், பள்ளம். பிரேக் கட்டை சூடேறி ரப்பர் வாசனை வந்தது. என் பற்கள் தந்தி அடித்தன. முன்னால் சுமதி, பெடலில் எழுந்து நின்றபடி, முழங்காலை மடக்கிக் கல்லுக்குக் கல் தாவிப் போய்க்கொண்டிருந்தார். பதினைந்து வருடமாக என்னோடு குடித்தனம் நடத்துகிற பெண்ணா இது? பின்னால் மச்சானின் ரன்னிங் கமெண்டரி.

"பாத்துங்க மாப்ள! ரெண்டு பிரேக்கும் சேத்திப் புடிங்க! முன் பிரேக்க மட்டும் புடிச்சீங்கன்னா தூக்கி வீசிப்போடும்!"

சொல்லி முடிப்பதற்குள் அவர்தான் உண்ணிச்செடி முள் புதருக்குள் விழுந்தார். முழங்கை சிராய்ப்பு. பேச்சுக்குச் சேதமில்லை.

ஆற்றங்கரைக்கு வந்தபோது உச்சி வெயில். முழங்கால் அளவுதான் தண்ணீர். சுமதி சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று கடந்து, அந்தக் கரையில், பின்சக்கரம் அந்தரத்தில் நிற்கும்படி ஒரு மருத மரத்து வேரில் ஏற்றிச் சாய்த்துவைத்தார். நாங்கள் இந்தப் பக்கம் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தோம்.

மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. பட்டென்று, வெடி மாதிரி.

மச்சான் என் சட்டையைப் பிடித்து ஒரு பாறைக்குப் பின்னால் இழுத்தார். ஆற்று வளைவில் முதலில் ஒரு நெற்றி தெரிந்தது. பிறகு இன்னொன்று. மூங்கில் காடே நகர்ந்து ஆற்றுக்குள் இறங்குவது போல, கூட்டமாக, அவசரமே இல்லாமல் வந்தன. அவ்வளவு பெரிய உடம்புகள்... கூழாங்கல்லின் மேல் வைக்கிற அடிக்குச் சத்தமே இல்லை. தண்ணீர் மட்டும் ஒதுங்கி வழிவிட்டது.

சுமதி ஓட முடியாது. முதுகுக்குப் பின்னால் செங்குத்தான கரை, அது நிறைய உண்ணி முள். மரத்துக்கும் சைக்கிளுக்கும் இடையில் அப்படியே நின்றார்.

நான் எழுந்துவிட்டேன். கத்த வேண்டும், கல்லை எறிய வேண்டும், ஏதாவது செய்ய வேண்டும். மச்சான் என் மணிக்கட்டை லேத்தில் இரும்பைக் கவ்வுவது போலக் கவ்விப் பிடித்தார்.

"வேண்டாமுங்க" என்றார். காதுக்குள், மூச்சாக. "கத்துனா மெரண்டு அந்தப் பக்கந்தான் ஓடும். அங்க என்ற தங்கச்சி நிக்குது."

அவர் பிடியை விடவில்லை.

கூட்டம் தண்ணீர் குடித்தது. முதுகில் நீரை இறைத்துக்கொண்டது. ஒரு குட்டி மட்டும் — பிறந்து சில மாதங்கள் இருக்கலாம், துதிக்கையை என்ன செய்வதென்று இன்னும் பிடிபடாத வயது — அந்தக் கரையில் ஏறியது. நேரே சுமதியிடம் போனது. இல்லை, சைக்கிளிடம் போனது.

துதிக்கையை நீட்டிப் பின்சக்கரத்தைத் தொட்டது. தள்ளியது. சக்கரம் சுற்றியது.

டிக்... டிக்... டிக்... டிக்...

நம் வீட்டு வாசலில் தினம் கேட்கிற சத்தம்தானே? அந்தப் பள்ளத்தாக்கில் அது மலையில் முட்டித் திரும்பி வந்தது போலிருந்தது எனக்கு. ஆற்றிலிருந்த யானைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அசைவை நிறுத்தின. பெரிய பெண் யானை ஒன்று திரும்பியது. காதுகள் விரிந்தன. இரண்டு எட்டில் கரை ஏறிவிட்டது.

சுமதி ஒரு விரலை நீட்டி டயரின் மேல் வைத்தார். சக்கரம் நின்றது.

அவ்வளவுதான் செய்தார். ஒரு விரல்.

பெரிய யானை அவருக்கு எதிரே நின்றது. கை நீட்டினால் தொடலாம். துதிக்கையை உயர்த்தி முகர்ந்தது — மரத்தை, சைக்கிளை, சுமதியின் தலையை. அதன் மூச்சில் அவருடைய முன்நெற்றி முடி பறப்பது எனக்கு இங்கிருந்து தெரிந்தது. நான் கும்பிட்டேனா? கும்பிட்டேன் என்று மச்சான் பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை.

பிறகு அது ஒரு சத்தம் கொடுத்தது. பிளிறல் இல்லை. காதால் கேட்கிற சத்தம்கூட இல்லை, நெஞ்சுக்கூட்டில் உணர்கிற உறுமல். நான் சாய்ந்திருந்த பாறையிலும் அது அதிர்ந்தது. குட்டி உடனே சைக்கிளை விட்டுத் தாயின் வயிற்றுக்கடியில் நுழைந்துகொண்டது. பெரிய யானை துதிக்கையால் அதை முன்னால் தள்ளியபடி ஆற்றுக்குள் இறங்கியது. கூட்டம் ஆற்றோடு கீழே நடந்து, மூங்கிலுக்குள் கலைந்து, காணாமல் போனது. அவ்வளவு பெரிய கூட்டம் ஒளிந்துகொள்ள அந்தக் காட்டில் இடமிருந்தது!

நாங்கள் ஆற்றைக் கடந்தோமா, பறந்தோமா, தெரியாது. சுமதியின் விரல் இன்னும் டயரின் மேலேயே இருந்தது. நான்தான் பிடித்து எடுத்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

"அம்மணி..." என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மூங்கில் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க" என்றார் மெதுவாக. "அதுக்குக் கண்ணுல எமை முடி இருக்குதுங்க. நெம்ப நீளமா... மயில் தோகையாட்ட. நீங்க பாத்தீங்களா?"

மச்சான் தண்ணீரில் அப்படியே உட்கார்ந்து அழுதார். தங்கை போய் அவர் தலையைத் தடவிவிட்டார். "எந்திரிங்கண்ணா, ஒண்ணுமில்லை. குட்டிக்கு வண்டி புடிச்சிருந்துது, அவ்வளவுதான்" என்றார். அன்றைக்கு மேட்டுப்பாளையம் வரும்வரை பழனிச்சாமி ஒரு வார்த்தை பேசவில்லை. இதை நான் சொன்னால் அவர் வீட்டில் யாரும் நம்புவதில்லை. யானையைக்கூட நம்பிவிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். காட்டுக்குப் போகிற நாம் எவ்வளவு பேசுகிறோம்? ஹாரன் அடிக்கிறோம், டேப்ரிக்கார்டர் வைக்கிறோம், எதிரொலி வருகிறதா என்று கூவிப் பார்க்கிறோம். அத்தனை பெரிய பிராணி நம்மைக் கடந்து போகிறது... கூழாங்கல்லுக்கு வலிக்காமல். அதன் முன்னால் நின்றபோது நான் சின்னவனாகிவிட்டேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை என்பதுதான் ஆச்சரியம்.

மறுநாள் பக்கத்து வீட்டு அம்மா விஷயம் தெரிந்து ஓடி வந்து சுமதியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏன் கண்ணு, அத்தாப் பெரிய யானை முன்னால நின்னயே, பயமா இல்லியா?"

சுமதி கொஞ்சம் யோசித்தார்.

"பயப்படறதுக்கு நேரமே இல்லீங்கக்கா. பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

நானும் அங்கேதான் இருந்தேன் வாசகர்களே. பயந்துகொண்டே இருந்ததில், பாதி யானையைப் பார்க்காமல் விட்டுவிட்டேன்!