மகளுக்கு வந்த சுறாப்புட்டு

மகள் பிள்ளை பெற்று இருபது நாள் ஆகியிருந்தது. அவளுக்கென்று அவள் மாமியார் கொண்டுவந்த சுறாப்புட்டை ஒரு சட்டி முழுக்க நானே தின்று தீர்த்தேன். ஒருமுறை தவறிப்போய்த் தின்றேன் என்றால் மன்னிக்கலாம். ஒரே வாரத்தில் மூன்று முறை. இரண்டு குடும்பத்திலும் என் பெயர் இன்றுவரை அதனால் நாறிக்கிடக்கிறது. உண்மையில் நான் அதைப் பயத்தில்தான் தின்றேன். பயத்தில் ஓடுகிறவன் உண்டு, ஒளிகிறவன் உண்டு. தின்கிறவன் நான் ஒருவன்தான் இருப்பேன்.

துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் எனக்குக் காகித வேலை. மீன் பெட்டிகள் கப்பலேறும் முன் ஆய்வகத்திலிருந்து ஒரு தாள் வரும். அதில் பாதரசம் என்று ஒரு வரி உண்டு. எத்தனையோ வருஷமாக அந்த வரியைப் படிக்காமலேயே அடியில் முத்திரை குத்தியிருக்கிறேன். அந்தத் திங்கட்கிழமை பெரிய சூரை மீன் சரக்கு ஒன்று அந்த ஒரு வரியால் நின்றுபோனது. என்னம்மா இது என்று ஆய்வகத்துப் பெண்ணிடம் போனில் கேட்டேன். மழை வரும் வராது என்று சொல்கிற குரலில் அவள் விளக்கினாள். கடலில் கலக்கிற பாதரசம் சின்ன மீனுக்குள் கொஞ்சம் போகும். அதைத் தின்கிற பெரிய மீனுக்குள் எல்லாம் சேரும். மீனுக்கு வயசு கூடக்கூட இதுவும் கூடும். நமக்குள் வந்தால் மூளைக்கும் நரம்புக்கும் ஆகாது. வயிற்றிலிருக்கிற குழந்தை, பால்குடிக் குழந்தை என்றால் இன்னும் கவனம் வேண்டும். எந்த மீனில் அதிகம் என்றேன்.

"சுறாதான் சார் முதல்ல. பெரிய சுறான்னா கேக்கவே வேண்டாம்."

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். வேம்பார் பஸ்ஸில் வந்திறங்கிய சம்பந்தியம்மா தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தார். மகளுக்குப் பால் போதவில்லை, பேத்திக்கு எடை ஏறவில்லை என்று இரண்டு வீட்டிலும் அப்போது அதே கவலை. பால் ஊற வேண்டுமென்றால் எங்கள் கரையில் சுறாதான் மருந்து. அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "இந்தா, இந்த நீளம் சம்பந்தி. வீட்டுக்காரவுக ஏலத்துக்கே விடல. மருமவளுக்குன்னு ஒதுக்கிட்டாக."

அந்தக் கைகளின் நடுவே இருந்த தூரத்தைப் பார்த்ததும் ஆய்வகத்துப் பெண்ணின் குரல் மறுபடி காதில் விழுந்தது. பிள்ளை பெற்ற நாளிலிருந்து அவர் கொண்டுவரும் நாலாவது சட்டி அது. அதற்கு முன்னால் ஏழாம் மாதத்திலிருந்து, சந்தையிலேயே பெரிய சீலா மீனாகப் பார்த்து ஞாயிறுதோறும் வாங்கி வந்து, என் மகளுக்கு நடுத்துண்டாக ஊட்டியவன் யார்? நான்தான்.

மனைவியைக் குசினிக்குள் இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "கலியாணத்தன்னிக்கு பிரியாணி ஆடு ஓடிப்போச்சுன்னு சொல்லி சம்பந்தி வீட்டாளுகள ஒரு மணி நேரம் தெருத்தெருவா தேட வச்சீகளே, இதும் அதானே?" என்றாள். வாழ்நாள் முழுக்கப் பொய் சொல்லிச் சிரிக்க வைத்தவன் ஒருநாள் உண்மை சொன்னால் இதுதான் கதி. சரி, சம்பந்தியிடமே சொல்லலாம் என்றால், மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் போகிற வீட்டில் போய், உங்கள் வலையில் விழுந்த மீனில் நஞ்சு இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? கொட்டுவதற்கும் வழியில்லை. அந்த அம்மா காலியாகும்வரை இருந்து, சட்டியைக் கழுவிக் கையோடு கொண்டுபோகிறவர்.

மகள் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வருவதற்குள் சட்டியைத் திறந்தேன். பூண்டும் சின்ன வெங்காயமும் மிளகும் மணந்தன. நல்ல கைப்பக்குவம். அதுவேறு கொடுமை. நின்றுகொண்டே முழுவதையும் தின்றேன்.

"பச்ச உடம்புக்காரி சோத்தப் பறிச்சுத் திங்கீகளே, வெக்கமா இல்ல?" என்று மனைவி கேட்டாள். சம்பந்தி சிரித்துக்கொண்டு, அடுத்த முறை இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொண்டுவருகிறேன் என்றார். வியாழக்கிழமை அப்படியே கொண்டுவந்தார். இரட்டைப் பங்கையும் தின்றேன். ஞாயிற்றுக்கிழமை அவர் சிரிக்கவில்லை. தின்றுவிட்டு நான் என்னைச் சோதித்துக்கொண்டேன். சட்டைப் பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு போட முடிகிறதா? முடிந்தது. ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா? முடியவில்லை, ஆனால் போன வருஷமும் முடியாது. நாக்கு மரத்த மாதிரி இருந்தது. அது மிளகு.

என் கூத்து அதோடு நின்றிருந்தால் இன்று சிரித்துவிட்டுப் போகலாம். அன்று சாயங்காலம் குசினியில் குக்கர் மூடி கை தவறி விழுந்தது. தெருநாய் குரைத்தது. நான் துள்ளினேன். தொட்டிலில் பேத்தி அசையவில்லை.

போய்க் குனிந்து பார்த்தேன். வயிறு ஏறி இறங்கியது. மெதுவாகக் கை தட்டினேன். பிறகு பலமாகத் தட்டினேன். ஒரு சுளிப்புக்கூட இல்லை. பால் குடித்த மயக்கம், தூங்குகிற பிள்ளையை எழுப்பாதீர்கள் என்று மனைவி அதட்டினாள். இருக்கலாம். ஆனால் நான் ஊட்டிய ஒவ்வொரு நடுத்துண்டும் கண்முன்னே வந்தது. மகளைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னப்பா? உண்மையச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவளாவது கொஞ்சம் சிரித்திருக்கலாம் என்று தோன்றியது.

மறுநாள் காலை குழந்தை டாக்டரிடம் போனோம். அவர் காதைச் சோதித்தார், கண்ணைப் பார்த்தார், விரலைப் பிடிக்க வைத்தார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, காது நன்றாகக் கேட்கிறது என்றார். தாய்ப்பாலை எந்தக் காரணத்துக்கும் நிறுத்தக் கூடாது. மீனையும் நிறுத்த வேண்டாம். சாளை, நெத்திலி, காரல் போன்ற சின்ன மீன் நல்லது. சுறாவும் பெரிய மீன்களும் மட்டும் வேண்டாம். பாலைவிட, வயிற்றில் இருக்கும்போதுதான் அதிகம் சேரும் என்றும் சொன்னார். அப்போது மகள் குழந்தையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல டாக்டர்?"

"ஆகாதுன்னுதான் நெனைக்கிறேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னா யாராலயும் முடியாதும்மா. வளர வளரப் பாப்போம்."

முத்திரை குத்தியே பிழைப்பவன் நான். இந்தத் தாளில் குத்துவதற்கு அவரிடமும் முத்திரை இல்லை.

ஆட்டோவில் மகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். வீடு நெருங்கும்போது, "அத்தைகிட்ட நீங்கதான் சொல்லணும். தின்னது நீங்கதானே" என்றாள்.

வியாழக்கிழமை சம்பந்தி வந்தார். சட்டியைத் திறக்க விடாமல், உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். ஆய்வகத்துத் தாள், டாக்டர் சொன்னது, நான் சீலா வாங்கியது, புட்டைத் தின்றது. கோபப்படுவார், எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். அவர் முந்தானையால் சட்டியின் மூடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நாலு புள்ளைக்கும் இதத்தானே தின்னேன்."

மாப்பிள்ளையைப் பார்த்தால் தெரியவில்லையா என்று ஒரு பதில் என் நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளை, வாயைத் திறப்பதற்குள் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ரெண்டாவது பய நாலு வயசு வரைக்கும் பேசல. சாமிக்கு நேந்து, மொட்டை போட்டு, எங்கெல்லாமோ தூக்கிட்டு அலைஞ்சேன். பொறவு பேசிட்டான். அது இதுனாலயா சம்பந்தி?"

எனக்குத் தெரியவில்லை. பேசத் தாமதமாக நூறு காரணம் இருக்கும் என்று சொன்னேன். அதுவும் உண்மைதான். ஆனால் என் வாயிலிருந்து வந்ததால் அதை அவர் நம்பவில்லை.

சட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு, இனி காரல் கொண்டுவருகிறேன், தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தால் பால் நன்றாக ஊறும் என்றார். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்து ரெண்டாவது மகனைக் கூப்பிட்டார். அவன் இப்போது கப்பலில் வேலை பார்க்கிறான், ஏதோ துறைமுகத்தில் நின்றிருந்தான். சாப்பிட்டாயா என்று கேட்டார். அவன் சொன்னான். என்ன சாப்பிட்டாய் என்றார், கூட யார் இருந்தார்கள் என்றார், அங்கே வெயிலா மழையா என்றார். அவன் பதில் முடிக்கும் முன்பே அடுத்ததைக் கேட்டார். எதற்கும்மா இத்தனை கேள்வி என்று அவன் சிரிப்பது எனக்கே கேட்டது. "சும்மாதாம்லே. பேசு" என்றார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, அவன் சொல்லுகிற ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தார்.