சோளத் தோட்டத்தில் இறங்கிய விமானமும் என் வீட்டாரும்

காலையில் கனடாவின் மார்க்கம் நகரத் தமிழ்க் கடையில் மீன் வெட்டித் தரும்வரை நின்றபோது ஒரு வீடியோ வந்தது. சின்ன விமானம் ஒன்று, கட்டையான புல் ஓடுபாதையில் இறங்கி, நிற்க இடம் போதாமல் பக்கத்துச் சோளத் தோட்டத்துக்குள் மூக்குக் குத்தி நிற்கிறது. ஒருவருக்கும் காயமில்லையாம்.

உடனே குடும்பக் குறூப்பில் போட்டேன். "உதுகளைப் பெத்ததுகள் எங்கை பாத்துக்கொண்டு நிண்டதுகள்?" என்று கீழே எழுதியும் விட்டேன்.

எதற்கும் சிரிக்கும் மச்சான்கூட வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால், லைப்ரரிக்கு என்று சொல்லிப் போன மகள் சோபாவில் இருக்கிறாள். காலில் போட்டிருந்த சப்பாத்தில் சோள இலை.

"அப்பா, ஐ ஆம் ஃபைன். இன்ஸ்ட்ரக்டரும் ஓகே."

என் மனுசியைப் பார்த்தேன்.

"உங்களிட்டைச் சொன்னா விடுவியளே?"

"அப்ப போன கிழமை கோயிலிலை செய்த அர்ச்சனை?"

"பிளேன் ஓடப் பழகிறதுக்குத்தான்."

யூனிவர்சிட்டிச் சோதனைக்கு என்று நம்பி, அந்த அர்ச்சனைத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றவன் நான்.

மச்சானுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியும். ஐயருக்கும் தெரியும்.

இதை வாசிக்கிறவர்களில் வேறு யாருக்கெல்லாம் முன்பே தெரியும் என்று கீழே சொல்லுங்கள். ஐயர் மட்டும் எழுத வேண்டாம், அவரை நேரில் கேட்கப் போகிறேன்.